நாயாற்றுக் கூத்து நின்றுபோன பின்னேரம்

இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு மண்டபம் எப்படிக் கட்டுவது என்று நான் சொல்லத் தேவையில்லை. அதற்கு வரைபடக்காரர் இருக்கிறார்கள், மேசன்மார் இருக்கிறார்கள். நான் சொல்ல வந்தது ஒரு பின்னேரத்தைப் பற்றி. சைக்கிளில் வந்த ஒருவர் மூச்சு வாங்கி முடிக்கும் நேரத்துக்குள் நான் ஒரு முடிவு எடுக்க வேண்டியிருந்தது. உங்களுக்கும் ஒரு நாள் அப்படி வரும். அன்றைக்கு யாரிடமும் ஆலோசனை கேட்க நேரம் இராது. அதனால் இப்போதே கேட்டு வையுங்கள்.

அறுபதுகளின் தொடக்கம் அது. நான் முல்லைத்தீவுப் பக்கத்தில் கிராம அபிவிருத்தி உத்தியோகத்தனாக இருந்தேன். கொழும்பிலிருந்து ஒரு யோசனை வந்தது. வெளிநாட்டு உல்லாசப் பயணிகள் அநுராதபுரத்தைப் பார்த்துவிட்டு யாழ்ப்பாணத்துக்குப் போகிறார்கள். வழியில் புளியங்குளச் சந்தியில் அவர்களைக் கிழக்கே திருப்பி, ஒரு வன்னிக் கிராமத்துக்குக் கொண்டு வந்து, கூத்தும் கோலாட்டமும் காட்டி, பாயும் பெட்டியும் விற்று, ஊர்ச் சாப்பாடு கொடுத்து அனுப்பினால் என்ன என்பதுதான் யோசனை. அதற்குக் கலாசார நிலையம் என்று பெயரும் வைத்துவிட்டார்கள். ஊர்தான் இன்னும் கிடைக்கவில்லை.

என்னுடைய மேலதிகாரி பழைய ஜீப் ஒன்றைத் தானே ஓட்டிக்கொண்டு திரிபவர். சாரதி இருந்தால் சனம் மனம் விட்டுக் கதைக்காது என்பார். இந்த வேலையில் எனக்குத் தெரிந்ததில் பாதிக்கு மேல் அவரிடம் பழகியது. ஊர் தேடப் போன முதல் நாள் அவர் சொன்னார்:

"ஆராவது கெதியா ஓம் எண்டு சொன்னால் நம்பாதையும். ரெண்டாம் தரம் போய், ஏன் ஓம் எண்டு சொன்னவர் எண்டு கேளும்."

முள்ளியவளைக்கு அப்பால், ஒரு குளத்தின் கீழே, யாழ்ப்பாணக் குடாநாட்டிலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள் வயல் செய்துகொண்டிருந்தன. அங்கே வல்லிபுரம் என்ற கமக்காரர் முதல் நாளே ஓம் என்றார். தன் மேட்டுக்காணியில் பிள்ளையார் கோயில் பக்கமாக உள்ள துண்டை நிலையத்தின் மண்டபத்துக்குத் தருவதாகச் சொன்னார். நான் இரண்டாம் தரம் போய்க் கேட்டேன்.

"ஏன் ஐயா தாறீங்கள்?"

அவர் வரப்பிலே மண்வெட்டியை ஊன்றினார்.

"என்ர மனிசி பிள்ளை பெறேக்க செத்தவா. ஆசுப்பத்திரிக்கு வண்டில்ல கொண்டு போனனாங்கள். மாரி. உந்தக் குளத்துத் தண்ணி வழியிற கலிங்கடியில சில்லு ரெண்டும் சேத்தில புதைஞ்சு போச்சு. மாட்டை அவிட்டுப் போட்டு நாங்கள் ஆறு பேர் தள்ளினம். வண்டில் அசையேல்லை. அவா அதிலயே போயிட்டா." பிறகு சொன்னார்: "எங்களுக்கெண்டு ஆரும் றோட்டுப் போட மாட்டினம், தம்பி. வெள்ளைக்காரன் வந்தால் போடுவினம்."

அவர் கணக்குப் பிழையல்ல. மண்டபம் நன்றாக நடந்தால் பிரதான வீதியிலிருந்து ஊருக்குக் கல்லுப் போட்ட பாதை வரும் என்று கொழும்பில் வாய்ச்சொல்லாகச் சொல்லியிருந்தார்கள். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் அந்த ஊர் ஆண்கள் அறுவடைக்குப் பிறகு ஓய்ந்திருக்க வேண்டிய நாட்களில் எங்களுக்குக் கல் சுமந்தார்கள்.

மண்டபம் எழும்பிய பிறகு வேறு பிரச்சினை வந்தது. காட்டுவதற்கு என்ன இருக்கிறது? குடியேறி வந்த சனத்திடம் கோலாட்டம் ஆடப் பிள்ளைகள் இருந்தார்கள், கூத்து இல்லை. நல்ல கூத்து கடற்கரையில்தான் இருந்தது. நாயாற்றுப் பக்கத்தில் கத்தோலிக்க மீனவக் குடும்பங்கள் ஒவ்வொரு வருடமும் கோயில் பெருநாளுக்கு ஒரு கூத்து ஆடுவார்கள். ஒரு கொடிய அரசன் ஒரு புனிதரைச் சிறையில் அடைத்து, கடைசியில் தானே மனம் மாறுகிற கதை. அரசனாக ஆடுபவர் மரியதாஸ். கடலுக்குப் போகிற ஆள். நெடிய உடம்பு, பாடினால் மணலுக்கு அப்பால் மீன்வாடியில் வலை பின்னுகிற பெண்கள் கை நிறுத்திக் கேட்பார்கள்.

வல்லிபுரம் கொதித்தார். "பிள்ளையார் கோயிலடியில வேதக்காரற்ற கூத்தோ? உங்களுக்கு விசரே?"

கடற்கரையில் அண்ணாவியாருக்கும் விருப்பமில்லை. கூத்தைப் பழக்குகிற கிழவர் அவர், மத்தளமும் அவரேதான். "விடிய விடிய ஆடுற கூத்தை ஒண்டரை மணித்தியாலத்துக்குச் சுருக்கச் சொல்லுறீங்கள். கழுத்தைப் பிடிச்சு நெரிக்கிற மாதிரியெல்லோ?" என்றார்.

நான் இரண்டு பக்கமும் போய் வந்தேன். எத்தனை தரம் என்று நினைவில்லை. சைக்கிள் டயர் இரண்டும் தேய்ந்தது நினைவிருக்கிறது. கடைசியில் மரியதாஸ்தான் அண்ணாவியாரைச் சம்மதிக்க வைத்தார். "எங்கட கூத்தை நாயாற்றை விட்டால் ஆர் பார்த்தது? ஒருக்கா அங்காலயும் பார்க்கட்டுமே" என்றார் அவர். வல்லிபுரத்துக்கு நான் ஒன்றும் பெரிதாகச் சொல்லவில்லை. கூத்து இல்லையென்றால் பயணிகள் இல்லை, பயணிகள் இல்லையென்றால் பாதை இல்லை என்றேன். அவர் துவாயை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். மறுப்புச் சொல்லவில்லை.

முதல் பயணிகள் தை மாதத்தில் வந்தார்கள். அந்த வருடம் மழை பிந்திப் பெய்து பிந்தி ஓய்ந்தது. பஸ் ஊருக்குள் வர முடியாமல் வீதியில் நிற்க, அவர்களை இரண்டு ட்ராக்டர் பெட்டிகளில் கதிரை போட்டு ஏற்றிக்கொண்டு வந்தோம். அவர்களுக்கு அதுவும் ஒரு கொண்டாட்டமாக இருந்தது. முன்வரிசையில் மாவட்டக் கச்சேரியிலிருந்து வந்த உத்தியோகத்தர்கள். நடுவில் கொழும்புப் பிரமுகர் ஒருவர். நிலையம் தொடர்வதா, பாதை போடுவதா என்று முடிவு சொல்லப் போகிறவர் அவர்தான். அவருக்குப் பக்கத்தில் என் மேலதிகாரி. பின்னால் கொட்டிலில் ஊர்ப் பெண்கள் விருந்தாளிகளுக்குச் சமைத்துக்கொண்டிருந்தார்கள். வல்லிபுரம் வெள்ளை வேட்டி கட்டி, அடுப்புக்கும் மண்டபத்துக்கும் இடையில் நடந்துகொண்டிருந்தார்.

கோலாட்டம் முடிந்து கூத்துத் தொடங்கியது. மரியதாஸ் வரவுப் பாட்டுப் பாடிக்கொண்டு மேடைக்கு வந்தபோது, மண்டபத்துக்கு வெளியே யன்னலடியில் நின்ற கமக்காரர்கள் தள்ளுப்பட்டு முன்னே வந்தார்கள். அவர்களில் பலர் அதுவரைக்கும் கடற்கரைக் கூத்தைக் கண்டதில்லை. ஒருவர் மற்றவரிடம், "ராசாதானடா" என்று சொன்னது என் காதில் விழுந்தது. எனக்கு அன்றைக்கு இருந்த சந்தோசத்தை இப்போது சொன்னாலும் வெட்கமாக இருக்கிறது.

அந்த நேரத்தில்தான் வாசலில் ஒருவர் என்னைத் தேடுகிறார் என்றார்கள். போனேன். சூசை என்ற நாயாற்று மீனவர். சைக்கிள் கைபிடியைப் பிடித்தபடி நின்றார். உடுத்திருந்த சாரம் முழுக்கச் சேறு.

"ஐயா, வள்ளம் கவிண்டு போச்சு. மத்தியானத்துக்கு முதல், முகத்துவாரத்தில. மழைத் தண்ணி வெட்டிப் பாயுது. ரெண்டு பேர் நீந்திக் கரைக்கு வந்திட்டாங்கள். யோசேப்பைக் காணேல்லை."

யோசேப்பு மரியதாஸின் தம்பி.

"தேடுறாங்களோ?"

"எல்லாரும் தண்ணிக்குள்ளதான் நிக்கிறாங்கள். மரியதாஸைக் கூட்டிக்கொண்டு வரச் சொல்லி அனுப்பினவை."

உள்ளே மத்தளம் கேட்டது. சூசை மேடையைப் பார்க்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு மூச்சு வாங்கினார். நான் அவரை அங்கேயே நிற்கச் சொல்லிவிட்டு, குனிந்தபடி முன்வரிசைக்குப் போய் மேலதிகாரியின் காதில் விசயத்தைச் சொன்னேன். அவர் முகம் மாறியது. எழுந்து என்னைத் தூணுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனார்.

"எப்ப நடந்தது?"

"மத்தியானத்துக்கு முதல், சேர்."

"அப்ப..." என்று தொடங்கி நிறுத்தினார். அவர் நிறுத்திய இடம் இரண்டு பேருக்கும் விளங்கியது. "இன்னும் ஒரு மணித்தியாலம். முடியட்டும். முடிஞ்ச உடன நானே ஜீப்பில கொண்டுபோய் விடுறன்."

"அதுக்கிடையில பொழுது பட்டிடும்."

"அங்க ஊரே தேடுது. இந்த ஆள் போய் என்ன செய்யப் போறார்? இஞ்ச ஒரு ஊருக்கு றோட்டு வரப்போகுது. வல்லிபுரத்துக்கு நீர் என்ன சொல்லப் போறீர்?"

அவர் கல் மனத்தோடு இதைச் சொன்னவர் அல்ல. வல்லிபுரத்தின் மனைவி எந்தப் பாதையில் இறந்தார் என்று அவருக்கும் தெரியும். அவர் கேட்டது நியாயமான கேள்வி.

எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். மேடையில் நிற்கிற மனிதனுடைய வீட்டுச் செய்தி அவனைத் தவிர மற்ற எங்கள் மூன்று பேருக்கும் தெரிந்திருந்தது. அவன் பாடுவதை நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம். மரியதாஸ் எத்தனையோ தரம் என்னைத் தன் வீட்டில் இருத்திச் சோறு போட்டவர். அவர் இன்னொரு பாட்டுப் பாடும்வரை நான் அந்தத் தூணோடு நின்றால், பிறகு அவர் முகத்தைப் பார்த்து நான் எதைச் சொல்வது?

"சேர், நான் சொல்லப் போறன்" என்றேன்.

அவர் என்னைத் தடுக்கவில்லை. "என்னைக் கேக்காமல் செய்திருக்கலாம் நீர்" என்று மட்டும் சொன்னார்.

மேடையின் பக்கமாக ஏறி அண்ணாவியாருக்குப் பின்னால் குந்தினேன். சொன்னேன். அவருடைய கை இரண்டு அடி கூட அடித்தது. பிறகு மத்தளத்தின் மேலேயே படிந்து நின்றுவிட்டது. பிற்பாட்டுக்காரர் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். மரியதாஸ் மாத்திரம் ஒரு அடி முழுவதையும் தனியாகப் பாடிவிட்டு, தாளம் எங்கே என்று திரும்பினார்.

அண்ணாவியார் எழும்பி அவரிடம் போனார். என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை.

"ஆர்?" என்று மரியதாஸ் கேட்டது கேட்டது.

பிறகு அவர் கத்தினார். அந்தக் குரல் மண்டபத்தை நிறைக்கப் பழகிய குரல். தலையிலிருந்த முடியை இரண்டு கையாலும் கழற்றினார். அதோடு முழங்காலில் விழுந்தார்.

பயணிகள் கைதட்டினார்கள்.

அவர்கள் மேல் குற்றம் இல்லை. அவர்களுக்குச் சொல்லப்பட்ட கதையில் ஒரு அரசன் மனம் உடைந்து விழ வேண்டியிருந்தது. விழுந்தான். தட்டினார்கள். ஒரு முதிய மாது எழும்பி நின்றே தட்டினார். கொழும்புப் பிரமுகரும் தட்டினார். நான் மேடையின் நடுவுக்குப் போய் இரண்டு கையையும் உயர்த்தி, எனக்குத் தெரிந்த இங்கிலீசில், இது கூத்து அல்ல, இவருடைய தம்பி கடலில் காணாமல் போய்விட்டார் என்று சொன்னேன். தட்டு ஓய எடுத்த நேரம் எனக்கு மிக நீளமாக இருந்தது. அந்த மாது தன் கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றார்.

வெளியே ஜீப்பின் சத்தம் கேட்டது. என் மேலதிகாரி கொழும்புப் பிரமுகரைக் கதிரையில் விட்டுவிட்டு, தானே ஜீப்பை மண்டப வாசலுக்குக் கொண்டு வந்திருந்தார்.

மரியதாஸும் அண்ணாவியாரும் சூசையும் பின்னால் ஏறினார்கள். நான் முன்னால். வேஷத்தைக் கழற்ற மரியதாஸ் நிற்கவில்லை. சரிகை உடுப்பு, முகத்தில் அரிதாரம், வெறுங்கால். ஜீப் அளம்பில் ஊரைத் தாண்டியது. பிறகு மரியதாஸ் யாரையும் பாராமல் சொன்னார்:

"இண்டைக்குச் சுக்கான் பிடிக்க நான்தான் போக வேணும். நான் கூத்தெண்டு நிண்டதால அவன் போனவன்."

மேலதிகாரியின் கை கியரில் ஒருதரம் வழுக்கியது. ஜீப் குலுங்கி, திரும்பவும் ஓடியது.

நாங்கள் போய்ச் சேர வெளிச்சம் கொஞ்சம் இருந்தது. வள்ளத்தைக் கரையில் குப்புறப் போட்டிருந்தார்கள். பெண்கள் ஒரு பக்கமாக மணலில் இருந்து செபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். அரச உடுப்போடு ஒருவர் ஓடி வருவதைக் கண்டு அந்தச் சத்தம் நின்றது. அவர் நேரே தண்ணீருக்குள் போனார். உடுப்பு நனைந்து கனத்து இழுக்க, இரண்டு பேர் பின்னால் பாய்ந்து அதைக் கிழித்து எடுத்தார்கள். வெளிச்சம் போகும்வரை தேடினார்கள். அடுத்த நாள் காலையில் யோசேப்பின் பிரேதம் தெற்கே ஒதுங்கியது.

நாங்கள் போனதால் எதுவும் மாறவில்லை. இதை நான் ஒளிக்கவில்லை.

நான் அடுத்த நாள் ஊருக்குத் திரும்பியபோது, கொட்டிலில் அண்டாக்கள் கவிழ்த்துக் கிடந்தன. பயணிகள் சாப்பிடாமலே போய்விட்டார்கள். சாப்பிடச் சொல்லிக் கேட்கவும் யாருக்கும் மனம் வரவில்லை. வல்லிபுரம் அடுப்புச் சாம்பலை வாரிக்கொண்டிருந்தார்.

"பொடியன் கிடைச்சவனோ?"

"கிடைச்சவர். உயிர் இல்லை."

அவர் சாம்பலைக் கொண்டுபோய் வாழையடியில் கொட்டிவிட்டு வந்தார். "செத்தவனைத் தேட ஜீப் ஓடினது. சாகிறதுக்கு முதல் ஓட எங்களுக்கு றோட்டு இல்லை" என்றார். அதற்குப் பிறகு நெடுநாளாக அவர் என்னோடு கதைக்கவில்லை. கோயிலடியில் கண்டால் வேறு பக்கம் பார்ப்பார்.

ஒரு கிழமை கழித்து மேலதிகாரியும் நானும் நாயாற்றுக்குத் துக்கம் விசாரிக்கப் போனோம். யோசேப்பின் மனைவி திரேசா எங்களுக்குப் பாய் போட்டுவிட்டு, கதவு நிலையோடு சாய்ந்து நின்றார். என்னிடம் கேட்டார்:

"நீங்களோ ஐயா மரியதாஸ் அத்தாருக்குச் சொன்னது? கூத்தை நிப்பாட்டி?"

"ஓம் பிள்ளை."

"இன்னும் கொஞ்சம் பொறுத்துச் சொல்லியிருக்கலாம்." கோபம் இல்லாமல்தான் சொன்னார். "இஞ்ச எங்கள் எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சு. அவர் ஒருத்தருக்குத்தான் தெரியாது. ஒராளெண்டாலும் இன்னும் கொஞ்ச நேரம் அது தெரியாமல் பாடிக்கொண்டு இருந்திருப்பார்."

திரும்பி வருகையில் மேலதிகாரி ஜீப்பை ஒரு மர நிழலில் நிறுத்தினார்.

"அண்டைக்கு நானெண்டால் நிப்பாட்டியிருக்க மாட்டன்" என்றார். "நீர் செய்தது சரியெண்டு சொல்ல எனக்கு வாய் வரேல்லை. பிழையெண்டும் வரேல்லை. ஆனால் நான் அந்தக் கதிரையில ஒரு மணித்தியாலம் இருந்து கூத்துப் பார்த்திருப்பன். அதை நினைக்கத்தான் பயமாய் இருக்கு." அவர் அதற்குப் பிறகு அந்த நாளைப் பற்றி என்னிடம் ஒருபோதும் பேசவில்லை.

கொழும்பிலிருந்து பயணிகள் திரும்பவும் வரவில்லை. அந்தப் பின்னேரம் காரணம் என்று யாரும் வெளியே சொல்லவில்லை. பாதை சரியில்லை, தூரம் கூட, வேறு மாவட்டத்தில் வசதியான இடம் இருக்கிறது என்றார்கள். கல்லுப் போட்ட பாதையும் வரவில்லை. மண்டபத்தை நெல் அடுக்கி வைக்க ஊர்க் கமக்காரர் சங்கத்துக்குக் கொடுப்பது என்று முடிவாயிற்று.

அப்போது ஒரு வருடம் கடந்திருந்தது. ஒரு காலையில் மரியதாஸ் நான் வேலை செய்த கந்தோருக்கு வந்தார். மெலிந்திருந்தார். கதிரையில் இருக்கச் சொன்னேன், விளிம்பில் இருந்தார்.

"ஐயா, மண்டபத்தை நெல்லுக்குக் குடுக்க முதல் ஒருக்கா எங்களுக்குத் தருவியளோ? கூத்து அரைவாசியில நிக்குது. அப்பிடி விடக்கூடாதெண்டு அண்ணாவியார் படுக்கையில கிடந்துகொண்டு சொல்லுறார். ஆடி முடிக்க வேணும்."

"தாறன். நானே எல்லாம் பார்த்துச் செய்யிறன்."

அவர் எழும்பவில்லை. கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னொண்டு. கோவியாதேங்கோ. நீங்கள் உள்ளுக்கு வராதேங்கோ, ஐயா. உங்களில எனக்கு ஒரு கோவமும் இல்லை. நீங்கள் சொல்லாமல் விட்டிருந்தால் உங்களோட நான் பிறகு கதைச்சிருக்க மாட்டன். ஆனால் உங்களைக் கண்டால் எனக்கு மத்தளம் நிக்கும். அதுக்குப் பிறகு பாட்டு வராது."

"விளங்குது, மரியதாஸ். நான் வரமாட்டன்" என்றேன்.

நான் இதைத்தான் உங்களுக்குச் சொல்ல நினைத்தேன். ஊருக்குள் வேலை செய்கிறவனுக்குச் சில வேளை கெட்ட செய்தி முதலில் வந்து சேரும். அது உங்கள் செய்தி அல்ல. வைத்திருக்க உங்களுக்கு உரிமை இல்லை. கொடுத்துவிடுங்கள். ஆனால் கொடுத்ததற்கு யாராவது உங்களுக்கு நன்றி சொல்வார்கள் என்று நினைத்துக்கொண்டு கொடுக்காதீர்கள். ஒரு ஊர் உங்களோடு கதைக்காமல் விடும். ஒரு மனிதன் உங்களை நேசித்துக்கொண்டே உங்கள் முகத்தைக் காண அஞ்சுவான். இரண்டிலும் நியாயம் இருக்கும்.

அவர்கள் ஒரு பின்னேரம் ஆடினார்கள். அண்ணாவியாரின் மருமகன் மத்தளம். விருந்தாளிகள் இல்லை, கதிரைகளும் இல்லை. கடற்கரைச் சனமும் கமக்காரர்களும் தரையில் இருந்தார்கள். வல்லிபுரம் யாரும் கேளாமலே வாசலில் தண்ணீர்க் குடம் கொண்டு வந்து வைத்தார். நான் கோயிலின் பின்புறத்தில், மண்டபத்திலிருந்து என்னைக் காண முடியாத இடத்தில் நின்றேன். வரவுப் பாட்டுக் கேட்டது. போன முறை நின்ற இடம் வந்தது. என் கை சைக்கிளை இறுக்கிப் பிடித்திருந்தது. மத்தளம் நிற்கவில்லை. அந்த இடத்தைத் தாண்டி அவர் பாடிக்கொண்டு போனார்.

கூத்து முடிந்து சனம் வெளியே வரப் போகிறது என்று தெரிந்ததும் நான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வயல் வரம்பால் இறங்கிவிட்டேன். பிறகு வேறு பல ஊர்களுக்கு மாற்றலாகிப் போனேன். வேறு பல கூத்துகள் பார்த்தேன். அந்த அரசன் கடைசியில் எப்படி மனம் மாறுகிறான் என்பதை மாத்திரம் நான் இன்றுவரை பார்த்ததில்லை.